ஆடி மாதத் தரங்கம்பாடி: ஐந்துக்கு நான்கு

கும்பகோணத்தில் கல்யாண போட்டோ எடுப்பது என் தொழில். ஆடியில் முகூர்த்தம் கிடையாது என்பதால் எங்கள் ஆட்களுக்கெல்லாம் அதுதான் லீவு. தை, மாசியில் இதே தரங்கம்பாடிக்கு மாப்பிள்ளை பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஷூட்டிங்குக்கு வருவேன். டேன்ஸ்போர்க் கோட்டைப் பக்கம் நமக்கு முன்னால் இரண்டு ஜோடி நிற்கும், ட்ரோன்காரர் வேறு வழி மறிப்பார். ஆடியில் வேலையில்லாமல் போனால்தான் அந்த ஊரைப் பார்க்கவே முடிகிறது.

மயிலாடுதுறையிலிருந்து செம்பனார்கோயில், ஆக்கூர் வழியாகப் பேருந்து. நடுவில் திருக்கடையூரில் மட்டும் மாலையும் கழுத்துமாகக் கூட்டம் இருக்கும். அறுபதாம் கல்யாணத்துக்குப் பிறந்த மாதமும் நட்சத்திரமும்தான் கணக்கு, ஆடி தடையில்லை. அங்கே இறங்கினால் யாராவது ஆர்டர் கொடுத்துவிடுவார்கள் என்று நான் தலையைக் குனிந்துகொள்வேன்.

1792இல் கட்டிய நுழைவாயிலைத் தாண்டினால் ராஜ வீதி. 1718இல் எழுந்த புது எருசலேம் ஆலயம் அங்கேதான் இருக்கிறது. அதைக் கட்டிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்குவின் கல்லறையும் அதற்குள்தான். தெரு முடிகிற இடத்தில் கடல். 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு வந்த டேனிஷ்காரர்கள், 1845இல் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். கோட்டைக்குள் அருங்காட்சியகம் இருக்கிறது. சீசனில் கூட்டத்தோடு தள்ளிக்கொண்டு போக வேண்டிய அறைகளில் இப்போது கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். கீழ்த்தளத்துக் கிடங்கு அறைகளில் வெளிச்சம் விழுகிற விதம், தொழில்காரன் என்ற முறையில் சொல்கிறேன், அதற்காகவே போகலாம்.

சரி, கடற்கரை எப்படி? ஆடியில் காலை நேரத்துக் காற்று மேற்கேயிருந்து, அதாவது தரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கிறது. அதனால் அலை அடங்கிக் கிடக்கும். ஆறு மணிக்குக் கடலோரமாக வடக்கே நடந்து மாசிலாமணிநாதர் கோயில் வரை போய்வரலாம். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துக் கோயில் அது. முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. மிச்சத்தைக் காப்பாற்றக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். அந்தக் கல் வழுக்கும், குழந்தைகளை ஏற விடாதீர்கள். அந்த மேல்காற்றுக்கே இன்னொரு குணமும் உண்டு. கடற்காற்றைக் கரைக்கு வர விடாமல் தடுத்துவிடும். பகல் இரண்டு, மூன்று மணி வரை சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டே இருக்கும், ஒதுங்க நிழலும் கிடையாது. இதைச் சொல்லாமல் ‘அமைதியான கடற்கரை’ என்று மட்டும் எழுதுகிறவர்களை நம்பாதீர்கள்.

சாப்பாட்டுக்குத்தான் நான் முழு மார்க் போடுவேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. பள்ளி விடுமுறையில் குடும்பம் குடும்பமாக ஜனம் வருகிற மே மாதத்தில் விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும். ஜனம் போன பிறகுதான் மீன் வருகிறது! பேருந்து நிற்கிற பக்கம் ஒரு வீட்டு மெஸ். காலையிலேயே போய்ச் சொல்லிவிட்டால், அன்றைக்கு வந்ததைப் பார்த்துச் சமைக்கிறார்கள். எனக்குக் கிடைத்தது சங்கரா மீன் குழம்பும் நெத்திலி வறுவலும். “சீசன்ல இப்புடி ஒக்காந்து பேச முடியுமா தம்பி, எலைய எடுத்தா அடுத்த ஆளு நிப்பான்” என்றார் அந்த அக்கா. புளி எவ்வளவு, மாங்காய் எப்போது போட வேண்டும் என்று கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். இரண்டாம் தடவை குழம்பு கேட்டதற்குக் காசு வாங்கவில்லை.

தங்கிய இடத்தைப் பற்றிச் சொல்ல அவ்வளவு இல்லை. பெயரை விட்டுவிடுகிறேன். மாடி அறை, கடல் தெரியும். சீசன் வாடகையில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் கேட்டார்கள். ஆனால் ஆள் வராத மாதம் என்று ஏசியைப் பழுது பார்க்காமல் விட்டிருந்தார்கள், குழாயில் உப்புத் தண்ணீர். ரிசப்ஷனில் இருந்த பையன் மேசை மின்விசிறி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, “அண்ணே, ஜன்னலத் தொறந்து வச்சுருங்க” என்றான். ராத்திரி உண்மையிலேயே அது போதுமானதாக இருந்தது. முன்பணம் கொடுப்பதற்கு முன் அறைக்குள் போய் ஏசியைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம், கிழமை பார்த்துப் போங்கள். வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. ஆடி வெள்ளி என்று மெஸ்ஸிலும் அன்றைக்கு மீன் கிடையாது, சாம்பார்தான். ஆடி அமாவாசையன்று தர்ப்பணத்துக்குக் கடலோரம் எங்கும் கூட்டம் சேரும், பூம்புகார்ப் பக்கம் இன்னும் அதிகம். அந்த நாளையும் தவிர்த்துவிடலாம். இரவு எட்டரைக்கு மேல் டீக்கடைகூடத் திறந்திருக்காது. சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் பாலும் பிஸ்கட்டும் முன்னாலேயே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. பேச்சுத் துணைக்கு ஆளும் பொழுதுபோக்கும் வேண்டும் என்கிறவர்கள் மே மாதமே போகட்டும். குறைத்த ஒரு மார்க் அந்த மதிய வெக்கைக்கு.