மலை மழைக்கு ரெயின் ஜாக்கெட்டா, பான்சோவா?

உத்தரகண்டின் மலர்ப் பள்ளத்தாக்கு ஜூன் முதல் அக்டோபர் வரைதான் திறந்திருக்கும். பூக்கள் நிறைந்திருப்பது ஜூலையிலும் ஆகஸ்டிலும். மழை வலுத்துப் பெய்வதும் அப்போதுதான். அங்கே முதல் முறை ரெயின் ஜாக்கெட்டோடும் அடுத்த முறை பான்சோவோடும் (தலைவழியே மாட்டிக்கொள்ளும், கையில்லாத தொளதொள மழைப் போர்வை) போய்வந்தேன். இனிப் போவதும் பான்சோவோடுதான். இராமேசுவரம் தீவின் தங்கச்சிமடத்தில் கடலுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன் என்பதே அதற்கு முதன்மைக் காரணம்.

மழையைத் தடுப்பதில் இரண்டுமே குறை வைப்பதில்லை. கைகள் நனையாதிருக்க ஜாக்கெட் நல்லது. முதுகுப்பையையும் சேர்த்து மூடப் பான்சோ நல்லது. பள்ளத்தாக்குக்குப் போகும் வழியில், புல்னாவிலிருந்து காங்கரியா வரை ஏறக்குறைய 10 கிலோமீட்டர் ஏற்றத்தில், ஜாக்கெட்டுக்குள் என் சட்டை வியர்வையிலேயே நனைந்துவிட்டது. வியர்வையை வெளியேற்றும் துணிதான் அது; ஆனால் வெளிப்புறம் நீரில் ஊறிவிட்டால் அந்த வேலை ஏறத்தாழ நின்றுவிடும். பான்சோவுக்குள் பக்கவாட்டில் காற்று ஓடுகிறது.

இவற்றையெல்லாம் விட நான் பெரிதாக எண்ணுவது, பயணம் முடிந்த பின் வீட்டில் கிடக்கும் பதினொரு மாதங்களை. முதல் பயணத்திலிருந்து திரும்பியதும் ஜாக்கெட்டை மடித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, பீரோவில் வைத்தேன். ஐப்பசி, கார்த்திகை அடைமழையும் அதன் பின் கோடைப் புழுக்கமும் கடந்து அடுத்த ஆண்டு எடுத்தபோது, உட்புறம் விரலில் ஒட்டியது. தையல்களில் நீர் புகாதபடி ஒட்டியிருந்த பட்டை தோலாக உரிந்து வந்தது. ஜிப்பின் உலோகப் பிடி உப்புப் பூத்து நகர மறுத்தது. பல ஜாக்கெட்டுகளின் உட்பூச்சு பாலியூரிதேன். ஈரமும் வெப்பமும் சேர்ந்தால், அணியாமலே வைத்திருந்தாலும், அது மெல்லச் சிதையும். பாம்பன் பாலத்தின் இரும்பையே அரித்த உப்புக்காற்று ஒரு ஜிப்பை விட்டுவைக்கும் என்று நான் எதிர்பார்த்திருக்கக் கூடாது.

இப்போதுள்ள பான்சோ சிலிகான் பூசிய நைலான். ஈரத்தால் அந்தப் பூச்சு அப்படிச் சிதைவதில்லை. ஜிப் கிடையாது, பிளாஸ்டிக் பொத்தான்கள்தாம். ஒரே ஒரு வேலை உண்டு: சிலிகான் துணியில் வழக்கமான பட்டை ஒட்டாது என்பதால், சிலிகான் பசையைத் தின்னரில் கரைத்துத் தூரிகையால் தையல்களில் நாமே பூச வேண்டியிருக்கும். நான் மொட்டை மாடியில் பூசியது கச்சான் காற்று வீசிய நாளில். காற்றோடு வந்த மணல் ஈரப்பசையில் ஒட்டி, அந்தத் தையல்கள் இன்றும் சொரசொரவென்றிருக்கின்றன. ஆனால் இதுவரை ஒழுகவில்லை.

பான்சோவின் குறைகளும் சிறியவை அல்ல. இறக்கத்தில் முன்தொங்கல் காலடியை மறைக்கிறது; இடுப்பில் ஒரு கயிறு கட்டிய பிறகே நம்பி இறங்கினேன். மரங்களற்ற முகடுகளில் பலத்த காற்றோடு பெய்யும் மழையில் நான் நடந்ததில்லை. அத்தகைய பாதைக்குப் போகிறவர்கள் என் சொல்லை மட்டும் நம்பிப் பான்சோ வாங்க வேண்டாம்.

ஜாக்கெட்தான் வேண்டும் என்றால், வந்த அன்றே நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் முழுதும் உலர்த்தி, உறையில் அடைக்காமல் காற்றோட்டமான அறையில் தொங்கவிடுங்கள். அக்கம்பக்கத்து வீடுகளைப் போல எங்கள் வீட்டிலும் கடல் பார்த்த ஜன்னல் உண்டு. அந்தப் பக்கம் மட்டும் வேண்டாம்.