பழைய பிக்கப்புக்கு ஆயிலும் ஃபில்டரும்: 82,000 கிலோமீட்டர் அனுபவம்

இந்த டீசல் பிக்கப் என் கைக்கு வந்தபோது 1,60,000 கி.மீ. ஓடியிருந்தது. இப்போது 2,42,000. இதுவரை பதின்மூன்று முறை ஆயில் மாற்றியிருக்கிறேன், பெரும்பாலும் நானே வண்டிக்கு அடியில் படுத்து.

முதல் முறை டிரெயின் போல்ட்டைக் கழற்றியபோது ஆயில் பாகு மாதிரி மெல்ல இறங்கியது. விசாரித்தால், முன்பு வைத்திருந்தவர் 20டபிள்யூ-50 என்ற கெட்டி ஆயிலை ஊற்றி ஓட்டியிருக்கிறார். வண்டியின் கையேடு சொல்வது அதைவிட இளகிய 15டபிள்யூ-40. "தேய்ந்த எஞ்சினுக்குக் கெட்டி ஆயில்தான் நல்லது" என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். கெட்டி ஆயில் சத்தத்தைக் கொஞ்சம் அமுக்கும், உண்மைதான். ஆனால் எஞ்சின் ஆறிக் கிடக்கும் காலை நேரத்தில் அது டர்போவுக்கும் மேலே வால்வுகளுக்கும் போய்ச் சேரத் தாமதமாகும். அந்தச் சில நொடிகளில் தேய்மானம் அதிகம். நான் 15டபிள்யூ-40க்கு மாறிய பிறகு வால்வைத் தள்ளும் டப்பெட்டின் சத்தம் சற்றுக் கூடியது; ஸ்டார்ட் ஆவது தெளிவாகச் சுலபமானது. ஒரு மாற்றத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே அரை லிட்டருக்கும் குறைவாகத்தான் ஆயில் குறைகிறது. இந்த வயதுக்கு அது நல்ல நிலைமை.

எஞ்சினைக் கழுவ ஃப்ளஷ் ஊற்றச் சொன்னார்கள். நான் ஊற்றவில்லை. பல வருட கசடு ஒரே நேரத்தில் பெயர்ந்து ஆயில் பம்பின் வலையை அடைத்துவிட்டால் எஞ்சினே போய்விடும். அதற்குப் பதிலாக, விலை குறைந்த மினரல் ஆயிலையே, அதாவது கச்சா எண்ணெயிலிருந்து சுத்திகரித்த சாதாரண ஆயிலையே, ஊற்றி முதல் இரண்டு முறையும் 3,000 கி.மீ.யில் மாற்றினேன். ஆயிலில் இருக்கும் டிடர்ஜென்ட் அந்த வேலையை நிதானமாகச் செய்தது. அதற்குப் பிறகு 7,500 கி.மீ.க்கு ஒருமுறை.

விலை குறைந்தது என்றேன். அதற்காக எதையும் வாங்கி ஊற்றவில்லை. நான் கேனில் முதலில் பார்ப்பது பெயரை அல்ல, பின்பக்கம் இருக்கும் ஏபிஐ வட்டத்தை, அதாவது அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் தர முத்திரையை. மேல் பாதியில் தர எழுத்து, நடுவில் 15டபிள்யூ-40 மாதிரி பிசுபிசுப்பு எண். எஸ் என்று தொடங்கினால் பெட்ரோல், சி என்று தொடங்கினால் டீசல். என் கையேடு கேட்பது சிஐ-4. அது 2002இல் வந்த தரம். 2016 கடைசியில் வந்த சிகே-4ஐயும் அதற்குப் பதிலாக ஊற்றலாம். சிஐ-4 தரத்தோடு பிரபலமில்லாத கம்பெனியின் ஆயிலும் கிடைக்கிறது, விளம்பரத்தில் வரும் ஆயிலும் கிடைக்கிறது. இரண்டையும் மாறி மாறி ஊற்றிப் பார்த்தும் ஓட்டத்தில் வித்தியாசம் தெரியவில்லை. புகை வடிகட்டி, அதாவது டிபிஎஃப், உள்ள புதிய வண்டிக்கு மட்டும் இந்தக் கணக்கு ஒத்துவராது. அதற்குச் சாம்பல் குறைந்த ஆயில் கட்டாயம், இல்லையென்றால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். அதை மாற்றும் செலவில் எத்தனையோ வருடத்துக்கு ஆயில் வாங்கலாம்.

ஒருமுறை முழு சிந்தெடிக், அதாவது செயற்கையாகத் தயாரித்த ஆயில், ஊற்றிப் பார்த்தேன். மினரலைப் போல இரண்டு மடங்குக்கு மேல் விலை. காலையில் கொஞ்சம் சீக்கிரம் கிளம்பியது, அவ்வளவுதான். பழைய டீசல் எஞ்சினில் கரி சேரும் வேகம் ஆயிலின் விலையைப் பார்த்துக் குறைவதில்லை. அதனால் 7,500ஐத் தாண்டி ஓட்ட எனக்கு மனம் வரவில்லை. அடுத்த முறை மினரலுக்கே திரும்பிவிட்டேன். கடுங்குளிரில் ஓடும் வண்டி என்றாலோ கையேடே சிந்தெடிக் கேட்டாலோ அது வேறு கதை. அப்புறம், மாற்றிய சில நாளிலேயே ஆயில் கறுத்துவிட்டது என்று யாரும் பதற வேண்டாம். டீசலில் அப்படித்தான் கறுக்கும். கரியை ஆயில் தன்னோடு ஏந்திக்கொள்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம்.

நான் நிஜமாகவே தப்புச் செய்தது ஃபில்டரில். ஐந்தாவது மாற்றத்தின்போது, பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று பெயர் தெரியாத ஒன்றை வாங்கி மாட்டினேன். திருகு மரை பொருந்தியது, கசிவும் இல்லை. ஆனால் இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் கிளப்பினால், ஒரு நொடியில் அணைய வேண்டிய ஆயில் விளக்கு நான்கைந்து நொடி எரிந்தது. கூடவே எஞ்சினுக்குள்ளிருந்து வறட்டுச் சத்தம். 900 கி.மீ.யிலேயே அதைக் கழற்றி ரம்பத்தால் அறுத்துப் பார்த்தேன். ஆயில் திரும்ப வடியாமல் தடுக்கும் ரப்பர் வால்வு அட்டை மாதிரி விறைத்திருந்தது. என் எஞ்சினில் ஃபில்டர் படுக்கைவாட்டில் இருப்பதால், வால்வு சரியில்லையென்றால் ராத்திரியோடு ராத்திரியாக அது காலியாகிவிடும். உள்ளே காகித மடிப்புகள் ஓரிடத்தில் நெருக்கமாகவும் இன்னோரிடத்தில் அகலமாகவும் இருந்தன. பக்கத்தில் வைத்து அறுத்த, வண்டிக் கம்பெனியின் பழைய ஃபில்டரில் வால்வு சிலிக்கோன் ரப்பர், 7,500 கி.மீ. ஓடிய பிறகும் விரலால் அழுத்தினால் மெத்தென்று இருந்தது.

அன்றிலிருந்து ஃபில்டரில் மட்டும் பேரம் கிடையாது. மொத்தச் செலவில் அதன் பங்கு சின்னதுதான். வண்டிக் கம்பெனியின் பெட்டியில்தான் வாங்க வேண்டும் என்பதும் இல்லை. அவர்களுக்கு ஃபில்டர் செய்து தரும் கம்பெனிகள் தங்கள் சொந்தப் பெட்டியில் குறைந்த விலைக்கு விற்பதுண்டு. அந்தக் கம்பெனிகளின் பட்டியலில் உங்கள் எஞ்சின் எண்ணுக்கு நேராக அந்த ஃபில்டர் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மரை ஒன்றாக இருப்பதால் மட்டும் ஃபில்டர் பொருந்திவிடாது, ஃபில்டர் அடைத்தால் ஆயிலை வேறு வழியில் விடும் பைபாஸ் வால்வு திறக்கும் அழுத்தம் வேறாக இருக்கலாம். மாட்டும்போது ரப்பர் வளையத்தில் புது ஆயில் தடவி, வளையம் தொட்ட பிறகு கையாலேயே முக்கால் சுற்று. என் ஃபில்டருக்கு அது போதும்.

ஏர் ஃபில்டரும் அதே மாதிரிதான். ஒரு மலிவு ஃபில்டரின் விளிம்பு பெட்டியில் சரியாக உட்காராமல், அதற்குப் பின்னால் இருக்கும் குழாயில் மாவு போலத் தூசி படிந்திருந்ததைத் துணியால் துடைத்து எடுத்திருக்கிறேன். அந்தத் தூசி சிலிண்டரைத் தேய்த்து ஆயிலிலும் கலந்துவிடும். அதன்பிறகு எந்த ஆயில் ஊற்றி என்ன? டீசல் ஃபில்டரில் தேங்கும் தண்ணீரையும் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி அவ்வப்போது வடித்துவிடுகிறேன்.

போலி ஆயிலுக்கு ஒரு வார்த்தை. ஒரு கேனில் மூடியின் வளையம் கழுத்தோடு ஒட்டாமல் தனியாகச் சுழன்றது. வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். என் காலிக் கேன்களை ஓட்டை போட்ட பிறகே வெளியே போடுகிறேன், யாரும் அவற்றில் திரும்ப நிரப்பக் கூடாது என்பதற்காக.

இருக்கைக்குப் பின்னால் இப்போது ஒரு ஃபில்டரும், டிரெயின் போல்ட்டுக்கு இரண்டு செப்பு வாஷரும், குறைந்தால் ஊற்ற ஒரு லிட்டர் ஆயிலும் இருக்கின்றன. அடுத்த மாற்றம் 2,48,500இல்.