புர்கினா ஃபாசோ: மூட்டையா, பணமா?

ஆயுதக் குழுக்களின் தாக்குதலால் புர்கினா ஃபாசோவில் 2023 மார்ச்சுக்குள் 20 லட்சம் பேருக்கு மேல் ஊரைவிட்டு இடம்பெயர்ந்தனர். உதவும் நாடுகள் உணவாகக் கொடுப்பதா, பணமாகவா?

சுமை
உணவு: ஓர் ஆளுக்கு நாளைக்குத் தானியம் 400 கிராம், பருப்பு 60, எண்ணெய் 25, உப்பு 5 என்று வைத்தால், ஐந்து பேர் குடும்பத்துக்கு 30 நாளுக்கு 73.5 கிலோ. சாலை அடைபட்ட ஊருக்கு 4 டன் ஏற்றும் ஹெலிகாப்டர் ஒரு நடையில் 54 குடும்பத்துக்குத்தான் கொண்டுபோகும்.
பணம்: சுமையே இல்லை.

சிக்கல்
உணவு: சாலையில் லாரி போக வேண்டும். 2022 செப்டம்பர் 26 அன்று வடக்கே உள்ள ஜிபோ என்ற ஊருக்குப் போன வாகன அணி காஸ்கிண்டேயில் தாக்கப்பட்டது. இன்னொன்று, பலரும் மறப்பது: முழுத் தானியம் கொடுத்தால் அரைவைக் கூலிக்காக அதிலேயே ஒரு பங்கை விற்றுவிடுவார்கள். மாவாகவோ கூலி சேர்த்தோ கொடுங்கள்.
பணம்: கைபேசி வழியாகத்தான் அனுப்புவார்கள்; கைபேசிக் கோபுரத்தைத் தகர்த்தால் பணம் வந்து சேராது. கோபுரம் இருந்தாலும், அதை ரொக்கமாக மாற்றித் தரும் முகவர் கையில் ரொக்கம் வேண்டும்.

விலை
பணம்: சரக்கு வராத ஊரில் பணத்தைக் கொட்டினால் விலைதான் ஏறும்; உதவி பெறாத ஏழைக்கு அது இரட்டை அடி.
உணவு: அந்தப் பயம் குறைவு.

2022 பிப்ரவரி முதல் முற்றுகையில் சிக்கிய ஜிபோ போன்ற ஊருக்கு, செலவு எத்தனை ஆனாலும், உணவேதான். சந்தை நடக்கும் கயா போன்ற ஊருக்குப் பணம் நல்லது. மாதாமாதம் சந்தையில் தானிய விலையைப் பார்த்துத் தொகையை மாற்ற வேண்டும்.