16 ஆஸ்கர் பட்டியல்கள், 146 படங்கள், ஒரு நோட்டு

2010 தொடக்கத்தில் பிடித்த பழக்கம் இது. சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியல் வந்ததும், அதில் இருக்கும் எல்லாப் படங்களையும் பார்த்துவிட வேண்டும். அந்த வருடம்தான் பட்டியலை 5 படங்களிலிருந்து 10 ஆக்கியிருந்தார்கள். முந்தைய வருடம் 'தி டார்க் நைட்' இந்தப் பிரிவில் இடம்பெறாமல் போனதில் எழுந்த அதிருப்தியும் அதற்கு ஒரு காரணம் என்று அப்போது பரவலாகப் பேசினார்கள். 2024-இல் வெளியான படங்கள் வரை கணக்குப் போட்டால் 16 பட்டியல்கள், 146 படங்கள். சிலவற்றை விழா முடிந்த பிறகுதான் பார்க்க முடிந்தது. ஆனால் ஒன்றையும் விடவில்லை.

ஒவ்வொரு படத்துக்கும் நோட்டில் இரண்டு மதிப்பெண் உண்டு. ஒன்று, பார்த்த அன்று இரவே போடுவது. இன்னொன்று, ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, படத்தைத் திரும்பப் பார்க்காமல், மனதில் என்ன தங்கியிருக்கிறது என்று மட்டும் யோசித்துப் போடுவது. இத்தனை வருட அனுபவத்தில் எனக்கு நம்பிக்கையானது இந்த இரண்டாவது மதிப்பெண்தான். அதை வைத்துச் சொல்கிறேன்: பட்டியலைத் தாராளமாக நம்பலாம். விருது வாங்கிய படத்தை மட்டும் பார்த்துவிட்டு மற்றவற்றை விட்டுவிடுவதுதான் பெரிய இழப்பு.

2010-இல் வெளியான படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். விருது 'தி கிங்ஸ் ஸ்பீச்'சுக்குப் போனது. பார்த்த இரவில் நானும் 9 போட்டேன். திக்குவாயோடு போராடும் அரசர், அவருக்குப் பேச்சுப் பயிற்சி தருபவர், கடைசியில் வானொலி உரை. எல்லாம் சரியான இடத்தில் அமைந்த படம். ஒரு வருடம் கழித்து 7 ஆகிவிட்டது. 'தி சோஷியல் நெட்வொர்க்' 8-இல் தொடங்கி 9-க்கு ஏறியது. அதன் முதல் காட்சி, மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து இரண்டு பேர் பேசுவது, இன்றும் அப்படியே காதில் ஒலிக்கிறது. ஒருவன் பேச்சாலேயே தன் காதலியை இழக்கிறான், இழக்கிறோம் என்பதே அவனுக்கு உறைக்கவில்லை.

இப்படி ஆவதற்கு வாக்கு எண்ணும் முறையிலேயே ஒரு காரணம் இருக்கிறது. சிறந்த படத்துக்கு மட்டும், ஆஸ்கர் வழங்கும் அகாடமியின் உறுப்பினர்கள் படங்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்த வேண்டும். எந்தப் படமும் பாதிக்கு மேல் முதலிடம் வாங்கவில்லை என்றால், கடைசியில் நிற்கும் படத்தை நீக்கிவிட்டு அந்தச் சீட்டுகளில் அடுத்து எழுதப்பட்டிருக்கும் படத்துக்கு வாக்கை மாற்றுவார்கள். ஒரு படம் பாதியைத் தாண்டும் வரை இது தொடரும். ஆக, பாதிப் பேர் தலையில் வைத்துக் கொண்டாடி, மீதிப் பேர் கடைசியில் தள்ளும் படம் தேறுவது கஷ்டம். எல்லாரும் இரண்டாவதோ மூன்றாவதோ எழுதும் படத்துக்கு வழி கிடைக்கும். இந்த முறை தப்பு என்று நான் சொல்லமாட்டேன். பலருக்கும் பிடித்த படத்தைக் கண்டுபிடிக்க நல்ல முறைதான். நமக்கு மட்டும் உயிராகிப் போகும் படத்தை அது தேடித் தராது. அதை நாம்தான் பட்டியலுக்குள் தேட வேண்டும்.

2021 படங்கள் இதற்கு நல்ல உதாரணம். 'கோடா' 3 பரிந்துரைகள் வாங்கி மூன்றையும் வென்றது. 'தி பவர் ஆஃப் தி டாக்' 12 பரிந்துரைகளில் ஒன்றே ஒன்றை, சிறந்த இயக்குநர் விருதை, ஜேன் கேம்பியன் மூலம் பெற்றது. 'கோடா'வை யாரும் குறைத்துப் பேச வேண்டாம். மகள் மேடையில் பாடும்போது ஒலி முழுக்க நின்றுவிடும். காது கேளாத பெற்றோர் எப்படி அந்த நிகழ்ச்சியில் உட்கார்ந்திருக்கிறார்களோ அப்படியே நாமும் உட்கார்ந்திருப்போம். அப்பா சுற்றி இருப்பவர்களின் முகங்களைப் பார்த்துத்தான் மகள் எப்படிப் பாடுகிறாள் என்று தெரிந்துகொள்வார். அப்புறம் அதே வருடத்தில் 'டிரைவ் மை கார்'. கிட்டத்தட்ட 3 மணி நேரப் படம், பெயர்கள் திரையில் வரவே சுமார் 40 நிமிடம் ஆகும். கார் ஓட்டும் பெண்ணும் அதில் பயணம் செய்யும் நாடக இயக்குநரும், புகை காருக்குள் தங்கக் கூடாது என்று மேற்கூரைத் திறப்பு வழியாக சிகரெட்டை மேலே நீட்டிப் பிடித்திருப்பார்கள். இரவுச் சாலையில் இரண்டு கைகள். என் நோட்டில் முதல் நாளும் 9, ஒரு வருடம் கழித்தும் 9 என்று நின்றது அந்த வருடத்தில் இது மட்டும்தான்.

எப்படிப் பார்க்கிறோம் என்பதும் மதிப்பெண்ணை மாற்றிவிடும். 'தி ஸோன் ஆஃப் இன்ட்ரஸ்ட்' படத்தை முதலில் மடிக்கணினியின் சின்ன ஸ்பீக்கரில் பார்த்து 6 போட்டேன். தோட்டம், குழந்தைகள், விருந்தினர்கள், ஒன்றும் நடக்கவில்லையே என்று தோன்றியது. சிறந்த ஒலிக்கான விருது அதற்குப் போனதும் சந்தேகம் வந்து, நல்ல ஹெட்போன் மாட்டிக்கொண்டு திரும்பப் பார்த்தேன். வேறு படம் அது. ஆஷ்விட்ஸ் முகாமின் மதில் சுவரை ஒட்டி அதன் தளபதியின் வீடு. உள்ளே நடக்கும் கொலைகளைக் கேமரா காட்டுவதே இல்லை. ஆனால் தளபதியின் மனைவி பூச்செடிகளைப் பெருமையாகக் காட்டிக்கொண்டு நடக்கும்போது சுவருக்கு அப்பாலிருந்து ஒரு உறுமல் நிற்காமல் கேட்கிறது. நடுவே துப்பாக்கிச் சத்தம், யாரோ அலறுவது. அவள் ஒரு ரோமக் கோட்டைப் போட்டுப் பார்த்து, அதன் பையில் கிடந்த யாருடையதோ உதட்டுச் சாயத்தை எடுத்துத் தன் உதட்டில் பூசிக்கொள்கிறாள். அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து நடந்தேன். 'சவுண்ட் ஆஃப் மெட்டல்' பார்ப்பவர்களுக்கும் இதையேதான் சொல்வேன்: தயவுசெய்து நல்ல ஒலியில் பாருங்கள்.

பட்டியலின் மேல் எனக்குக் கோபமும் உண்டு. இத்தனை வருட ஆஸ்கர் வரலாற்றில் சிறந்த படப் பிரிவுக்குள் வந்த அனிமேஷன் படங்கள் மூன்றே மூன்று: 'பியூட்டி அண்ட் தி பீஸ்ட்', 'அப்', 'டாய் ஸ்டோரி 3'. கடைசியாக வந்தது 2010-இல் வெளியான படம். அனிமேஷனுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது என்பார்கள். வெளிநாட்டுப் படத்துக்கும்தான் தனிப் பிரிவு இருந்தது, 2020 விழாவில் 'பாரசைட்' இரண்டையும் வென்று காட்டவில்லையா? ஆங்கிலம் அல்லாத மொழிப் படம் ஒன்று சிறந்த படமானது அதுதான் முதல் முறை. அதற்குப் பிறகு வேற்று மொழிப் படங்கள் பட்டியலில் இயல்பாக வந்து உட்காருவதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம். அதே மனம் அனிமேஷனுக்கும் வர வேண்டும்.

இன்னொன்று, பரிந்துரைகளின் எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறக் கூடாது. 'பாஸ்ட் லைவ்ஸ்' வாங்கியது 2 பரிந்துரைகள், விருது ஒன்றும் இல்லை. கடைசியில் இரண்டு பேர் தெருவில் வண்டிக்காகக் காத்து நிற்பார்கள். வண்டி வரும்வரை ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். வண்டி வந்து அவன் போன பிறகு அவள் வீட்டை நோக்கி நடந்து வந்து, வாசலில் இருக்கும் கணவனைக் கட்டிக்கொண்டு அழுவாள். என் நோட்டில் 8 ஆக இருந்து 10 ஆன படம் அது ஒன்றுதான்.

பார்க்க ஆரம்பிப்பவர்களுக்கு: கனமான படங்களை அடுத்தடுத்த நாளில் பார்க்காதீர்கள். '12 இயர்ஸ் எ ஸ்லேவ்' போன்ற படத்துக்கு அடுத்து எதைப் பார்த்தாலும் அந்தப் படத்துக்கு நியாயம் செய்ய முடியாது. நீளமான படங்களுக்கு முழு மாலையை ஒதுக்குங்கள். கட்டடக் கலைஞர் ஒருவரைப் பற்றிய 'தி புரூட்டலிஸ்ட்' 215 நிமிடம், அதில் 15 நிமிட இடைவேளையும் சேர்த்தி. துண்டு துண்டாகப் பார்த்தால் அந்தக் கட்டடம் எழும்பவே எழும்பாது.

ஒரு பிரிவில் வாக்களிக்க வேண்டுமானால் அதில் உள்ள எல்லாப் படங்களையும் பார்த்திருக்க வேண்டும் என்ற விதியை அகாடமி தன் உறுப்பினர்களுக்குக் கொண்டுவந்தது 2025-இல்தான். படித்தபோது, இவ்வளவு நாள் இது இல்லையா என்று மனம் வலித்தது. பார்க்காமலே ஒதுக்கப்பட்ட படங்கள் எத்தனை இருந்திருக்கும்.

இப்போது இரண்டாவது மதிப்பெண்ணுக்கு வந்திருப்பது 'நிக்கல் பாய்ஸ்'. கிட்டத்தட்ட முழுப் படமும் இரண்டு பையன்களின் கண் வழியாகவே எடுக்கப்பட்டது. முதல் நாள் அந்தக் கேமராவே எனக்கு இடைஞ்சலாகப் பட்டது, 6 போட்டேன். ஆனால் ஒரு காட்சி விடவே மாட்டேன் என்கிறது. சீர்திருத்தப் பள்ளியில் பேரனைப் பார்க்க வரும் பாட்டிக்கு அவனைப் பார்க்க முடியவில்லை. அவனுடைய நண்பன்தான் எதிரில் நிற்கிறான். சரி, உன்னையாவது கட்டிக்கொள்கிறேன் என்று அவள் கைகளை விரித்துக்கொண்டு கேமராவை நோக்கி வருகிறாள். நேராக நம்மைத்தான் அணைக்கிறாள். 6-ஐ அடித்துவிட்டு 9 என்று எழுதியிருக்கிறேன்.