கேட்டில் எந்த பெல்: பழைய வயரா, வயர்லெஸ்ஸா, கேமராவா?

கோலாலம்பூரில் தரை வீட்டுக்கு பெல் மாற்ற நினைப்பவர் ஹார்ட்வேர் கடைக்குப் போகும் முன் ஹாலில் இருக்கும் டிங்டாங் பெட்டியின் மூடியைக் கழற்றி, உள்ளே அச்சடித்திருப்பதைப் படிக்க வேண்டும். வீட்டு மின்சாரம் பிரிந்து போகும் டிபி பாக்ஸில் மெயினை அணைத்துவிட்டுத்தான். 230 வோல்ட் அல்லது 240 வோல்ட் என்று இருந்தால் கேட் தூணில் உள்ள சுவிட்ச் வரை வீட்டு மின்சாரமே ஓடுகிறது. 8 அல்லது 12 என்று இருந்தால் நடுவில் எங்கோ ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. எதை வாங்கலாம் என்பதில் பாதி அங்கேயே முடிவாகிவிடும்.

பழைய தாமான்களில், அதாவது குடியிருப்புப் பகுதிகளில், முதல் வகைதான் அதிகம். விளக்குக்குப் போகும் அதே மின்சாரம் பெட்டிக்குள் ஒரு செப்புச் சுருளுக்குப் போகிறது. பட்டனை அழுத்தினால் சுருளுக்கு நடுவே உள்ள இரும்புக் குச்சி பாய்ந்து ஒரு தகட்டைத் தட்டும், டிங். கையை எடுத்தால் ஸ்பிரிங் திருப்பித் தள்ளி அடுத்த தகட்டைத் தட்டும், டாங். பேட்டரி வேண்டாம், வைஃபை வேண்டாம், ஆண்டுக்கணக்கில் உழைக்கும். பெட்டி மட்டும் கெட்டிருந்தால் அதே வகையில் புதிது மாட்டுவதுதான் சீக்கிரம் முடிகிற வேலை.

ஆனால் 230 வோல்ட் கேட் தூணில், வெயிலிலும் மழையிலும் நிற்கிறது. பட்டனுக்குள் எறும்பு புகும், ரப்பர் வெடிக்கும், தண்ணீர் இறங்கும். அடைமழை பெய்யும்போதெல்லாம், மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் இஎல்சிபி விழுகிறதா? கேட் விளக்கோடு சேர்த்து இந்த பெல் வயரையும் சந்தேகப்படுங்கள். பட்டன் உள்ளேயே சிக்கிக்கொண்டால் சுருள் சூடேறிக் கருகும். தீபாவளியன்று அங்பாவ் (உறையில் போட்ட காசு) வாங்க வரும் பிள்ளைகள் பட்டனில் வைத்த விரலை எடுக்க மாட்டார்கள். நனைந்த கையோடு அவர்கள் தொடுவது 230 வோல்ட் சுவிட்ச் என்பதுதான் எனக்குப் பிடிக்காத விஷயம்.

அதனால் வயர் நன்றாக இருக்கும் வீட்டுக்கு நான் சொல்வது டிரான்ஸ்ஃபார்மர். டிபி பாக்ஸில் இடம் இருந்தால் அங்கேயே ஒரு பெல் டிரான்ஸ்ஃபார்மர், ஹாலில் 8 வோல்ட் டிங்டாங், கேட்டுக்குப் பழைய வயரே போதும். அது 1.5 சதுர மில்லிமீட்டர் வயராக இருந்தால் 20 மீட்டர் தூரம் போய்வர, 1 ஆம்பியருக்கு அரை வோல்ட்கூட இழப்பு வராது. அதே தூரத்துக்கு 0.2 சதுர மில்லிமீட்டர் பெல் வயரை இழுத்தால் மூன்று வோல்ட்டுக்கு மேல் போய்விடும். குச்சி தகட்டை எட்டாமல் பெட்டி உறுமிக்கொண்டே இருக்கும். புது வயர் போடுகிறவர்கள் மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் இது. வயரின் உறையைச் சோதிக்கும் இன்சுலேஷன் டெஸ்டில் பழைய வயர் ஏற்கனவே கசிகிறது என்று தெரிந்தால் அதை நம்பி எதுவும் செய்ய வேண்டாம். இன்னொன்று: மெயினை அணைப்பது சரி, டிபி பாக்ஸைத் திறந்து வயரில் கை வைப்பது நம் வேலை இல்லை. எரிசக்தி ஆணையமான சுருஹான்ஜாயா தெனாகாவில் பதிவான வயர்மேனைக் கூப்பிட வேண்டும், சட்டமே அப்படித்தான்.

வயர்லெஸ் பெல் சில பத்து ரிங்கிட்டுக்கே கிடைக்கும். பெட்டியில் 300 மீட்டர் என்று போட்டிருப்பது திறந்தவெளிக் கணக்கு. செங்கல் சுவரும் இரும்பு கேட்டும் நடுவில் வந்தால் அது வெகுவாகச் சுருங்கும். பேட்டரி பட்டனில் வரும் தொல்லை, அது தீர்ந்துபோனது வீட்டுக்காரருக்குத் தெரியாது. வந்தவர் அழுத்திப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருப்பார். பேட்டரியே இல்லாத பட்டனும் இருக்கிறது. அழுத்துகிற வேகத்தில் உள்ளே காந்தம் நகர்ந்து, சிக்னல் அனுப்பும் அளவுக்கு மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். இரண்டில் இதுதான் மேல். கொஞ்சம் அழுத்தமாக, டக்கென்று சத்தம் வரும்படி அமுக்க வேண்டும். மூட்டுவலி உள்ள பாட்டிகளுக்குச் சிரமம்தான். ஃபிளாட், கொண்டோ, வாடகை வீடு என்றால் யோசிக்கவே வேண்டாம், இதை ஒட்டிவிடலாம். வீடு மாறும்போது கழற்றி எடுத்துக்கொண்டும் போகலாம்.

கேமரா பெல்லை எல்லாரும் கேட்கிறார்கள். பகலெல்லாம் வீடு பூட்டிக் கிடக்கும், பார்சல் தினமும் வரும் என்றால் அதற்கு ஒரு நியாயம் உண்டு. வயரில் ஓடும் மாடல்கள் பல 16 முதல் 24 வோல்ட் வரை கேட்கும். 8 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரில் ஒழுங்காக ஓடாது. பழைய 230 வோல்ட் வயரில் நேராக மாட்டினால் அந்த நொடியே போச்சு. பேட்டரி மாடலுக்கு இந்த வம்பு இல்லை, ஆனால் மேற்கு வெயில் அடிக்கும் தூணில் லித்தியம் பேட்டரி சீக்கிரம் தளரும். வைஃபை கேட் வரை எட்டுகிறதா என்பதை வாங்கும் முன்னரே கைப்பேசியோடு தூண் பக்கத்தில் நின்று பார்த்துவிடலாம். ஆள் வந்து நின்று, அறிவிப்பு வந்து, ஆப் திறப்பதற்குள் டெலிவரிக்காரர் அடுத்த வீட்டுக்குப் போயிருப்பார். வீட்டில் பெரியவர்கள் மட்டும் இருந்தால், ஹாலில் வைக்கும் ஒலிப்பெட்டியும் சேர்ந்து வரும் மாடலாகப் பார்த்து வாங்குங்கள்.

வயர்லெஸ்ஸோ கேமராவோ மாட்டுகிறவர்கள் பழைய பட்டனைக் கழற்றி, வயர் நுனியில் டேப் சுற்றித் தூணுக்குள் திணித்துவிடுவது வழக்கம். 230 வோல்ட் அங்கேயே உயிரோடு இருக்கும், அடுத்த மழையில் இஎல்சிபி மறுபடி விழும். அந்த வயரை வீட்டுக்குள் இருக்கும் முனையிலேயே துண்டித்துத் தரச் சொல்லுங்கள். வயர்மேனுக்கு அது பெரிய வேலை இல்லை.