மகளிர் காவல் நிலையமா, பாதுகாப்பு அலுவலரா?

வீட்டுக்குள் அடிபடும் பெண் தமிழ்நாட்டில் அணுகக்கூடிய முக்கியமான இடங்கள் இரண்டு: 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதன்முதலாகத் தொடங்கப்பட்ட அனைத்து மகளிர் காவல் நிலையம் ஒன்று, 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நியமிக்கப்படும் பாதுகாப்பு அலுவலர் மற்றொன்று.

உயிருக்கு ஆபத்து என்றால் காவல் நிலையமே முதலிடம். அடிப்பவரைக் கைது செய்யும் அதிகாரம் அங்குதான் இருக்கிறது. கணவரோ அவருடைய உறவினரோ கொடுமை செய்தால், இந்தியாவின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-ஆம் பிரிவு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. ஆயினும், வழக்குப் பதிவுக்கு முன் நடக்கும் சமரசப் பேச்சில் "பிள்ளைகளுக்காகப் பொறுத்துப் போம்மா" என்ற அறிவுரையோடு ஒரு பெண் அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்படுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

பாதுகாப்பு அலுவலரால் யாரையும் கைது செய்ய இயலாது. ஆனால் அவர் தயாரிக்கும் குடும்ப வன்முறை அறிக்கையைப் பார்த்து, வீடு யார் பெயரில் இருந்தாலும் அதில் வசிக்கும் உரிமை, பராமரிப்புத் தொகை, குழந்தைகளின் தற்காலிகப் பொறுப்பு ஆகியவற்றை நீதித்துறை நடுவர் வழங்கலாம். மனைவி மட்டுமல்லாமல் தாயும் மகளும் சகோதரியும்கூட இதை நாடலாம் என்பது பெரிய வேறுபாடு. 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் கூறினாலும், நடைமுறையில் வழக்குகள் நீள்கின்றன.

ஒன்றை நாடியவர் மற்றொன்றை இழப்பதில்லை. கணவரைச் சிறைக்கு அனுப்பத் தயங்கி, அடி நின்றால் போதும் என்று நினைக்கும் பெண்ணுக்கு இரண்டாவது வழியையே நான் முதலில் சொல்வேன். குழந்தை பாலியல் வன்முறைக்கு உள்ளானால் இந்தத் தேர்வுக்கே இடமில்லை: குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி, அறிந்தவர் எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், குழந்தைகளுக்கான உதவி எண்ணான 1098-ஐயும் அழைக்கலாம்.