தாஜ்மஹால் பௌர்ணமி டிக்கெட் என்று ஆன்லைனில் விற்கிறார்கள், தயவுசெய்து வாங்காதீர்கள்: 18,500 ரூபாய் போச்சு

கோபம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். பௌர்ணமியை ஒட்டி ஆக்ரா போக நினைக்கிறவர்கள் யாராக இருந்தாலும் இதை முழுசாகப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். எப்படி புக் பண்ணணும், எதையெல்லாம் கவனிக்கணும் என்று கடைசியில் எழுதுகிறேன்.

தாஜ்மஹாலை நிலா வெளிச்சத்தில் பார்க்கணும் என்பது அம்மாவுக்கு ரொம்ப நாள் ஆசை. மாதத்தில் ஐந்து ராத்திரி மட்டும் அப்படிப் பார்க்க விடுகிறார்கள்: பௌர்ணமி அன்று, அதற்கு முன்னால் இரண்டு நாள், பின்னால் இரண்டு நாள். ஒரு பேட்ச்சுக்கு 50 பேர், ராத்திரிக்கு மொத்தம் 400 பேர், ஆளுக்கு அரை மணி நேரம். இவ்வளவும் எனக்கு முன்பே தெரியும். டெல்லி ஃப்ளைட்டையும் அதற்குத் தகுந்த மாதிரிதான் போட்டோம்.

டிக்கெட்டுக்காகத் தேடும்போது வட இந்திய டூர் பேக்கேஜ் விற்கிற ஒரு வெப்சைட் கண்ணில் பட்டது. தமிழிலேயே ஒரு பக்கம் வைத்திருந்தார்கள். நம்பரைப் போட்டதும் அரை மணி நேரத்தில் போன் வந்தது. பேசின பையன் நல்ல மதுரைத் தமிழில், "அண்ணே, நம்ம ஊர்க்காரங்க இங்க வந்து இந்தி தெரியாம கஷ்டப்படக் கூடாதுன்னுதான் இந்த வேலைக்கே வந்தேன்" என்றான். அம்மாவிடமும் பேசினான். "முட்டி வலி இருக்காம்மா? பேட்டரி வண்டி சொல்லி வெச்சிடுறேன், நடக்க வேணாம்" என்றான். அந்த ஒரு வார்த்தையில் அம்மா விழுந்துவிட்டார். போனைத் தரும்போது, "நல்ல புள்ளடா, இவன்கிட்டயே போட்டுரு" என்றார்.

பௌர்ணமி இந்தத் தடவை வெள்ளிக்கிழமை. தாஜ்மஹாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பது தெரிந்ததால் நேரடியாகவே கேட்டேன். கொஞ்சமும் தயங்கவில்லை. "அது பகல்ல தொழுகைக்காக மூடுறதுண்ணே. ராத்திரி பார்க்கிறது தனி. அது 2004-ல சுப்ரீம் கோர்ட் ஆர்டர் போட்டுத் திறந்தது, அதுக்கு லீவே கிடையாது" என்றான். தேடிப் பார்த்தேன். கோர்ட் உத்தரவால் ராத்திரி திறந்தது உண்மைதான், வெள்ளிக்கிழமை மசூதித் தொழுகைக்காக மூடுவதும் உண்மைதான். இரண்டு நிஜத்துக்கு நடுவில் ஒரு பொய்யைச் செருகி வைத்திருக்கிறான்! பணம் போகிற கணக்கு ஏன் தனி ஆள் பெயரில் இருக்கிறது என்றும் கேட்டேன். "எங்க அக்கவுண்டன்ட் பேருண்ணே. பேட்ச்சுக்கு அம்பது சீட்டுதான், இப்பப் போட்டாதான் நிக்கும்." நான்கு பேருக்கு ராத்திரி டிக்கெட், மறுநாள் காலை தமிழ் தெரிந்த கைடு, கார் எல்லாம் சேர்த்து 18,500 ரூபாய். அனுப்பிய பத்து நிமிஷத்தில் கியூஆர் கோடு போட்ட டிக்கெட் வாட்ஸ்அப்பில் வந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா பட்டுப்புடவை கட்டி, அதன்மேல் ஸ்வெட்டர் போட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தார். கார் வரவில்லை. போன் ரிங் போய்க்கொண்டே இருந்தது. நாங்களாகவே ஆட்டோ பிடித்து, ராத்திரி பார்வைக்கு செக்கிங் நடக்கும் ஷில்ப்கிராமுக்குப் போனால் அங்கே ஈ காக்கை இல்லை. வெளியே நின்ற காவலர் டிக்கெட்டைப் பார்க்கக்கூட இல்லை. "ஆஜ் ஜும்மா ஹை, பந்த் ஹை" என்றார். பௌர்ணமியே ஆனாலும் வெள்ளிக்கிழமை ராத்திரி கிடையாது, ரம்ஜான் மாதத்திலும் கிடையாது என்று ஆட்டோக்காரர்தான் விளக்கினார். கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணிப் பார்த்தேன். அந்த வெப்சைட்டின் முதல் பக்கம் திறந்தது, அவ்வளவுதான்.

இதில் என் வயிறு எரிவது எதற்குத் தெரியுமா? வியாழன் ராத்திரி திறந்திருந்தது. சனி ராத்திரியும் உண்டு. உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரு நாள் முன்னால் போயிருப்போம். சனிக்கிழமை ராத்திரி எங்களுக்கு டெல்லியிலிருந்து ஃப்ளைட். அதை மாற்றலாம் என்றாலும் ராத்திரி டிக்கெட் முன்கூட்டியே வாங்கியிருக்க வேண்டும், அன்றைக்கு வாசலில் போய் எடுக்க முடியாது. அதோடு ஆசை முடிந்தது.

சனிக்கிழமை விடிய கிழக்கு வாசலில் நாங்களே டிக்கெட் எடுத்துப் போனோம். ஆளுக்கு 50 ரூபாய், சமாதிக்குள் போக 200. கைடு வரவில்லை. உள்ளே வேறொரு குடும்பத்தின் கைடு சலவைக்கல்லில் பதித்த பூவின் மேல் சின்ன டார்ச்சை வைத்தார். அந்தச் சிவப்புக் கல் தணல் மாதிரி உள்ளுக்குள்ளேயே எரிந்தது. அம்மா ஓரமாக நின்று எட்டிப் பார்த்தார். அவர்கள் நகர்ந்ததும் கிட்டே போய் அந்தப் பூவை விரலால் தொடப் போனவர், கையை இழுத்துக்கொண்டார். 18,500 ரூபாய் கொடுத்த குடும்பம் அடுத்தவர் கைடுக்குப் பின்னால் நின்று பார்த்தது இப்படித்தான்.

அப்புறம் நடந்ததுதான் இன்னும் கேவலம். சனிக்கிழமை மத்தியானம் போனை எடுத்தான். "சிஸ்டம் மிஸ்டேக்ணே, 48 மணி நேரத்துல ரீஃபண்ட்" என்றான். திங்கட்கிழமை அதே நம்பரில் ஒரு பெண், இந்தியில், அப்படி யாரும் இங்கே வேலை பார்க்கவில்லை என்றார். பிறகு ஒரு மேனேஜர் வந்தார்: டிக்கெட் அரசாங்கத்துக்குப் போய்விட்டதாம், நாங்கள் 'வரவில்லை' என்று பதிவாகியிருக்கிறதாம். மூடிக் கிடந்த இடத்துக்கு எப்படி ஐயா வராமல் போவது? கடைசியில் அடுத்த டூருக்கு 2,000 ரூபாய் கூப்பன் தருகிறேன் என்றார்கள். இப்போது ப்ளூ டிக் மட்டும் வருகிறது. பேங்கில் கேட்டால், நீங்களே பின் போட்டு அனுப்பிய பணம் என்கிறார்கள். சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற நம்பருக்குப் போன் பண்ணிப் புகார் பதிந்திருக்கிறேன். ராத்திரி டிக்கெட்டின் நிஜ விலை ஆளுக்கு ஐந்நூற்றுச் சொச்சம்தான். எங்களிடம் வாங்கியது 18,500.

சரி, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ராத்திரியோ பகலோ, டிக்கெட்டை இந்தியத் தொல்லியல் துறையின் வெப்சைட்டிலோ அவர்கள் கவுன்ட்டரிலோ மட்டும் வாங்குங்கள். பௌர்ணமி வெள்ளிக்கிழமை வருகிறதா என்று காலண்டரைப் பாருங்கள், வந்தால் வியாழனோ சனியோ போங்கள். தனி ஆள் பெயருக்குப் பணம் அனுப்பாதீர்கள், தமிழில் பேசினாலும் சரி. பணம் போனால் பேங்குக்கு அலைவதற்கு முன்னால் 1930-க்கு உடனே கூப்பிடுங்கள்.

இன்னும் எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. நேற்று என் மச்சான் போனுக்கு அதே தாஜ்மஹால் படம், அதே வாசகத்தோடு வேறு பெயரில் விளம்பரம் வந்திருக்கிறது. அடுத்த பௌர்ணமிக்கு உங்கள் வீட்டில் யாராவது கிளம்புவதாக இருந்தால் இதை இன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.